செங் போகும் வேனில் ஒரு காதல் கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டெங்கிக் காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய வாரத்தில்தான் இது ஆரம்பித்தது. மலாக்கா மாநிலத்தில், லூபோக் சீனாவுக்குச் சற்று வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. செங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இப்போது லைன் லீடர். காய்ச்சல் விட்டாலும் உடம்பு எழுந்து நிற்க மறுத்தது. கைப்பேசியைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் வலி. டிவி சத்தம் கேட்டால் தலை சுற்றல். மகள் பல்கலைக்கழக விடுதியில் இருந்ததால், நல்ல காற்றாடி இருக்கும் அவளுடைய அறையில் படுத்துக் கிடந்தேன்.

சும்மா கிடக்க எனக்குத் தெரியாது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவள் புத்தக அலமாரி. அதில் இரும்புக் கதவு படம் போட்ட தடிமனான ஒரு நாவலை எடுத்தேன். ஆங்கிலம். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். ரிஜெக்ட், அர்ஜெண்ட், ஓவர்டைம் எல்லாம் நன்றாக வரும். நாவலெல்லாம் படித்ததில்லை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கிவிடலாம் என்றுதான் திறந்தேன்.

அன்று மத்தியானம் கணவர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவர் மாலையில் வந்து பார்த்தபோது அது அப்படியே ஆறிக் கிடந்தது.

கதை இதுதான். கடல் ஏறி உலகத்தில் பாதி மூழ்கிப்போன பிறகு, மிச்சமிருக்கும் ஜனங்கள் ஒரு பெரிய மதிலுக்குள் வாழ்கிறார்கள். அந்த நகரத்தில் காதலிப்பதற்கென்று ஒரு வயது உண்டு. பதினெட்டில் கதவு திறக்கும், இருபதில் மூடிவிடும். அதற்குள் ஒரு துணையைப் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் மணிக்கட்டில் சாம்பல் நிறக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு சாகும்வரை யார் மேலும் ஆசைப்படக் கூடாது, யார் கையையும் பிடிக்கக் கூடாது. கதாநாயகி தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவள். பதினேழு வயது. மதில் மேல் காவல் நிற்கும் ஒருவனை விரும்புகிறாள். அவனுக்கு இருபது நெருங்குகிறது. இவளுக்குக் கதவு திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவனுக்குக் கதவு மூடிவிடும்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அநியாயம்லா இது!" என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

தெரியாத வார்த்தைகளுக்கு முதலில் அகராதி பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். ஒரு பெண் ஒருவனுக்காகக் குழாய்ச் சுரங்கத்தில் இருட்டில் காத்திருப்பது புரிவதற்கு அகராதி எதற்கு? அந்தப் பையனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதிகம் பேச மாட்டான். அவள் பசியோடு வந்தால் தன் பங்கு ரொட்டியைப் பிய்த்து நீட்டுவான். அவனை உட்கார வைத்து ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும் போட வேண்டும் போல் இருக்கும். அவர்கள் இருவரும் முதல் தடவை கை பிடிக்கும் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எங்களுக்குத் திருமணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மறுபடியும் காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மகளிடம் கைப்பேசியில் சொன்னபோது அவள் சிரிப்பை நிறுத்தவே இல்லை.

"அம்மா, அது டீனேஜர்ஸ் படிக்கிற புக்மா."

"நான் படிச்சா என்னா, புக்கு தேஞ்சிடுமா?"

இரண்டாம் பாகத்தை அவள் யாரோ தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கொஞ்சம் நடக்க முடிந்ததுமே கணவரை மலாக்கா டவுனுக்குக் காரை எடுக்கச் சொன்னேன். பேரங்காடிக்குள் இருக்கும் ஒரு புத்தகக் கடையில், கவுண்டரில் நின்ற தமிழ்ப் பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "மகளுக்கா ஆண்டி?" என்று கேட்டாள்.

"இல்ல, எனக்குத்தான்."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆண்டி, ரெண்டாவது புக்கு முடிவுல டிஷ்யூ பக்கத்துல வச்சிக்கங்க" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று அந்தப் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். பின்னால் வரிசை நீண்டது.

மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எங்கள் பக்கத்திலிருந்து செங்குக்குத் தொழிற்சாலை வேனில்தான் போவோம். விடிவதற்கு முன்பே கிளம்பும். முதலில் ஏறுவது நான், கடைசியில் இறங்குவதும் நான். வழியில் மஸ்ஜித் தானாவிலும் அதைத் தாண்டியும் மற்றப் பெண்கள் ஏறுவார்கள். பெரும்பாலும் தமிழர்கள். எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருபவர் ஒரு மலாய் அக்கா. நாங்கள் எல்லோரும் அவரை 'கக்' என்போம். வேனில் ஏறினால் எல்லோரும் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவதுதான் வழக்கம்.

அன்று கக், இத்தனை நாள் வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டார். கதை படித்தேன் என்றேன். என்ன கதை என்றார். சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் பாதி, கக்குக்காக மலாயில் பாதி. கொஞ்ச நேரத்தில் முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பி, "அக்கா, கயிறு கட்டுவாங்கன்னு சொன்னீங்களே, யாரு கட்டுவாங்க?" என்றாள். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது வேனில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

அதிலிருந்து தினமும் கதைதான். போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம். நிறுத்தினால் கக் என் முழங்கையை இடித்து, "லெபாஸ் து?" என்பார். அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். நான் முந்தின நாள் படித்ததை மறுநாள் சொல்வேன். சொல்வதற்காகவே இன்னும் கவனமாகப் படித்தேன். அவள் என்ன சொன்னாள், அவன் எப்படி நின்றான், மழை பெய்ததா, எல்லாம் வேண்டும் அவர்களுக்கு.

வேன் ஓட்டுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கியவர். கிறிஸ்தவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு மகன்களும் ஜோகூர் பக்கம் வேலை. யாரிடமும் அதிகம் பேச மாட்டார். நான் அவரை அண்ணே என்பேன், சின்னப் பெண்கள் அங்கிள் என்பார்கள். முன்பெல்லாம் ஞானப்பாடல்களை மெதுவாக ஓட விட்டுக்கொண்டு வருவார். எப்போதிலிருந்து அதை நிறுத்தினார் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் செர்காமுக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போவார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். "இந்தப் பக்கம் மீனே இல்லையா அங்கிள், அவ்ளோ தூரம் போறீங்க?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துவிட்டு வண்டியை எடுப்பார்.

ஒரு நாள் காலை. இரண்டாம் பாகத்தில் அந்தப் பையனுக்கு இருபது வயது முடிகிற கட்டம். சதுக்கத்தில் கூட்டம். அவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் கையை நீட்டுகிறான். கூட்டத்தில் நிற்கும் அவளைப் பார்க்கக் கூடாது என்று தரையையே பார்க்கிறான். சாம்பல் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல வேனில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. திடீரென்று கக் ஓட்டுநரைப் பார்த்து, சந்தி போகிறது என்று மலாயில் கத்தினார்.

"பாக்சிக்! சிம்பாங்!"

செங் பக்கம் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டி, வேன் நேராக டவுனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி விலகிப் போனது. எல்லோரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உறைந்து போனோம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அது பாதை மறந்த மனிதரின் முகம் மட்டும் அல்ல. கண்கள் சிவந்திருந்தன.

வேலைக்குத் தாமதம். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கதை கேட்டுக்கொண்டு வழி தவறினோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேன் நிறுவனத்துக்குத் தகவல் போய், அண்ணனுக்கும் எச்சரிக்கை வந்தது.

மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. வேனில் ஏறியதும் அவரே கேட்டார்.

"கதை இல்லையா தங்கச்சி?"

"வேணாண்ணே. என்னால உங்க வேலைக்கு வம்பு வந்திடும்."

"என் வேலைய நான் பாத்துக்கிறேன். சிக்னல் வந்தா மட்டும் கொஞ்சம் நிறுத்திக்க. தாண்டினதும் சொல்லு."

அதற்குப் பிறகு அப்படித்தான். சந்தி வரும்போது நான் நிறுத்துவேன். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்தால் வேன் முழுக்கத் திட்டு.

மூன்றாம் பாகத்தை நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஒரே மூச்சாகப் படித்து முடித்தேன். முடிவைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். மகள் அந்தக் கடைசிப் புத்தகத்தைப் படித்து முடித்த அன்று சுவரில் வீசியடித்தாளாம். "எழுதுனவங்க மேல கேஸ் போடணும்மா" என்றாள். வேனில் இதை எப்படிச் சொல்லப் போகிறேன் என்று யோசித்தேன். மாற்றிச் சொல்லிவிட்டால்தான் என்ன? அங்கே யாரும் புத்தகத்தைத் தேடிப் படிக்கப் போவதில்லை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். பாதி மனது அதற்குத் தயாராகவே இருந்தது.

விடுமுறை முடிந்து இரண்டொரு நாள் கழித்து ஒரு மாலை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வேனில் நானும் அண்ணனும்தான். வழக்கமாக நேரே எங்கள் தாமானுக்குள் வந்துவிடுவார். அன்று பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்.

"தங்கச்சி, கடைசிப் புக்கு படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேண்ணே."

"அந்தப் பையனும் அந்தப் பொண்ணும் சேர்றாங்களா?"

"பொறுங்கண்ணே, அடுத்த வாரம் தெரிஞ்சிடும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழமை என் பயலுங்க ரெண்டு பேரும் வர்றானுங்க. நான் ஒன்னு சொல்லணும் அவனுங்ககிட்ட. அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். செர்காமில் அந்த மீன் கடையில் சமைக்கும் அம்மா ஒருவர். விதவை. பிள்ளைகள் இல்லை. முதலில் சாப்பிடத்தான் போனாராம். பிறகு பேசுவதற்காகப் போனார். இப்போது இரண்டு பேருமே திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். மூத்த மகனுக்கு யார் மூலமாகவோ விஷயம் தெரிந்து, "இந்த வயசுல என்னாப்பா இது? ஆளுங்க சிரிப்பாங்க" என்று கைப்பேசியில் சத்தம் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். மணிக்கட்டைக் காட்டினார்.

"இங்க எனக்குக் கயிறு கட்டிட்டானுங்க தங்கச்சி."

இத்தனை நாள் நான் யாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்? பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த மனிதர்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

'சேர்றாங்கண்ணே, நல்லா இருக்காங்க' என்பது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவர் தைரியமாக வீட்டுக்குப் போவார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அவரைக் குழந்தை மாதிரி ஏமாற்றுவதற்கு நான் யார்? உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"அவன் செத்துப் போயிடுறாண்ணே. மதில் உடைஞ்சு வெள்ளம் வருது. ஜனங்களைக் காப்பாத்தப் போயி அவன் போயிடுறான்."

அவர் இன்ஜினை அணைத்தார்.

"ஆனா அதுக்கு முன்னால, எல்லாரும் பாக்க, அவ சதுக்கத்துக்கு வர்றா. யாரும் கூப்பிடல. அவன் கையைப் புடிச்சு அந்தக் கயித்த அவளே அவுத்து எறியிறா. இவன்தான் எனக்கு வேணும், எழுதிக்கங்கன்னு சொல்றா. அதப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா அவங்கவங்க கயித்த அவுக்குறாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருக்காங்க. கொஞ்ச நாள்தான். ஒரு மழைக்காலம்."

பெட்ரோல் போட வந்த மோட்டார் சைக்கிள்கள் வருவதும் போவதுமாக இருந்தன. தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்குப் பயம் வந்தது.

"ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்னா இருந்தாங்களா?"

"இருந்தாங்கண்ணே."

"அது போதும்லா" என்றார். வண்டியை எடுத்தார்.

என் மகள் சுவரில் வீசியடித்த முடிவு அது. நானே அழுது தீர்த்த முடிவு. அதைக் கேட்டு ஒரு மனிதர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இருபது வயதில் ஒரு மழைக்காலம் என்றால் கையளவு. அவர் வயதில் அது எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை வேனை வேறு யாரோ ஓட்டிவந்தார். அண்ணனுக்கு என்ன ஆனது என்று கேட்டால், விடுப்பு என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டில் சண்டை பெரிதாகிவிட்டதா, மனிதர் உடைந்து போய்விட்டாரா என்று மனது எங்கெங்கோ போனது. கக் மட்டும் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் தன் டப்பாவில் இருந்த குவே பலகாரத்தை என் கையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் எங்கள் தாமான் வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்.

"சொல்லிட்டேன்" என்றார், நான் கதவைச் சாத்துவதற்கு முன்பே.

மூத்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இளையவர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்து, கடைசியில், "அவங்கள எப்பப்பா பாக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டுதான் அண்ணன் செர்காமுக்குப் போயிருக்கிறார்.

"பயப்படாமதான் சொன்னீங்களாண்ணே?"

"பயந்துகிட்டேதான் சொன்னேன். ஆனா சத்தமா சொன்னேன்."

அந்த வாரமே வேனில் முடிவைச் சொன்னேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். முன் வரிசைப் பெண் விசும்பி விசும்பி அழுதாள். கக் எழுதியவர்மேல் கோபப்பட்டு, அன்று முழுக்க என்னிடமும் சரியாகப் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து, சிறிய தேவாலயம் ஒன்றில் அண்ணனுக்கும் அந்த மீன் கடை அம்மாவுக்கும் திருமணம் நடந்தது. வேன் கூட்டம் முழுவதும் போயிருந்தோம், பட்டுப் புடவையும் மல்லிகையுமாக. கக் மண்டபத்து விருந்துக்கு நல்ல பாஜு கூரோங் உடுத்திக்கொண்டு வந்தார். இளைய மகன் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். மூத்தவர் வரவில்லை. இன்றுவரை அப்பாவுடன் அதிகம் பேசுவதில்லை என்றுதான் கேள்வி. அந்த வலி அண்ணனுக்கு இருக்கிறது. இல்லையென்று சொன்னால் அது நான் சேர்த்ததாகிவிடும்.

சாப்பிட்டு முடித்து வாழ்த்துச் சொல்ல மேடைக்குப் போனபோது, மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த முகம். அடுப்பு வேலை செய்து காய்த்த கை.

"கதை சொல்ற தங்கச்சி நீதானாம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து, அந்த வாரத்துக் கதைய எனக்குச் சொல்லுவாரு. கடையில கூட்டம் இருந்தாலும் ஓரமா உக்காந்து காத்திருந்து சொல்லிட்டுத்தான் போவாரு. கயித்த அவ அவுத்து எறியிற எடத்த நாலஞ்சு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்." பிறகு முகம் சுருங்கி, "அந்தப் பையன ஏம்மா சாகடிச்சாங்க? நல்ல புள்ள இல்ல?" என்றார்.

மேடையில் நின்றபடியே அந்தப் பையனுக்காக அவர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். பக்கத்தில் புது மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார்.

எனக்கு இந்த வயதில் இந்தக் கதைகள் எதற்கு என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த தொடரை எடுத்துப் படிக்கிறேன். செங் போகும் வேனில் அதைச் சொல்லவும் செய்கிறேன். நமக்குப் பிடித்த ஒரு கதையைக் கூச்சப்படாமல், உள்ளது உள்ளபடி இன்னொருவருக்குச் சொன்னால், அது நாம் பார்த்திராத எவருடைய வீட்டுக்கோ போய் அங்கே ஒரு துணிச்சலாக மாறிவிடும் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.